அன்னக்கொடியின் கையில் முதலை

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஐந்து தோல் பைகள் இன்றைக்கும் ராஜ மரியாதையோடு வீற்றிருக்கின்றன. அதற்குக் காரணம் என் மனைவி அன்னக்கொடி. ஏழு ஜென்மத்துக்கும் அவளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள். சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். வெளியே சொல்லிவிடாதீர்கள்.

சிலர் தபால்தலை சேர்ப்பார்கள். சிலர் தீப்பெட்டிப் படம் சேர்ப்பார்கள். மில் ஆபீஸ் குமாஸ்தா முத்திருளனாகிய நான், பெண்கள் கையில் மாட்டும் தோல் பை சேர்க்கிறேன். ஆடு, மாடு என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். முதலை, மலைப்பாம்பு, உடும்பு, தீக்கோழி, சுறா. எல்லாம் பினாங்கு, ரங்கூன் போய் வந்தவர்களிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி வாங்கியவை. யாருக்கு என்று கேட்டால், அன்னக்கொடிக்கு என்பேன். ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாக மடியில் வைத்து மெல்லிய துணியால் துடைப்பேன். என் பிள்ளைகளை நான் அப்படித் துடைத்ததில்லை.

எழுபத்தாறாம் வருஷம் தை மாதம் ஆபத்து வந்தது.

"ஏங்க, என் பித்தளையெல்லாம் கட்டிலுக்கு அடியில கெடக்கு. செத்த முதலைக்குக் கண்ணாடி அலமாரியா?"

"அன்னம், இது வயித்துத் தோலு. இந்தச் செதிலப் பாரு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அதான் அசலுக்கு அடையாளம்."

"நான் சுடுற தோசையும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. அதுக்கு மட்டும் மூஞ்சியத் தூக்குறீக?"

"சரி, தீக்கோழியப் பாரு. எறகு இருந்த எடமெல்லாம் எப்படிப் புள்ளி புள்ளியா..."

"கோழி உரிச்சா நம்ம அடுப்படியிலயும் அப்படித்தான் இருக்கு. அத யாரும் வீடு தேடி வந்து பாக்கல. இதயும் பாக்கல. தைப்பூசம் வரைக்கும் தவணை. ஊருல நாலு பேரு இந்தப் பை நல்லாருக்குன்னு சொல்லிட்டா அலமாரி உங்களுக்கு. இல்லாட்டி அஞ்சும் பரணுக்கு."

எங்கள் வீட்டுப் பரணில் எலிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. என் பைகள் அவற்றுக்கு ஒரு வேளைப் பலகாரம். 

நாலு பேர் சொல்ல வேண்டுமானால் நாலு பேர் பார்க்க வேண்டும். பை தெருவில் இறங்க வேண்டும். மீசை வைத்த ஆண்பிள்ளை அதை மாட்டிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டில் நடக்க முடியுமா? ஒரு பெண்ணின் கை வேண்டும். இருந்த ஒரே கை அன்னக்கொடியுடையது. அதில் எப்போதும் பச்சை வயர் கூடை தொங்கும்.

தைப்பூசத்தன்று, வண்டியூர் தெப்பத்துக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, வயர் கூடையையும் வீட்டிலிருந்த மஞ்சள் பைகளையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

"கூடையக் காணோமே?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"அம்புட்டுப் பெரிய கூடையவா?"

"எலியும் பெருசுதான்."

அன்னக்கொடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, அந்த முதலையக் குடுங்க" என்றாள்.

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் ஒரே பேச்சில் சரி என்றது கிடையாது. சீப்பு, பவுடர் டப்பா, பிள்ளைகளின் மாற்றுச் சட்டை எல்லாம் முதலைக்குள் போயின. தேங்காய் பழத்தை மட்டும் தனியாகத் தூக்குவாளியில் வைத்துக்கொண்டாள். அது ஏனென்று நான் யோசிக்கவில்லை. அவள் கையில் முதலை ஆடுகிற அழகைப் பார்த்தபடி மூன்றடி பின்னால் சொக்கிப்போய் நடந்தேன்.

மாரியம்மன் கோயில் வாசலில் நின்றாள்.

"இந்தாங்க, பிடிங்க."

"எதுக்கு?"

"தோலுல்ல? செருப்பையே வெளிய விட்டுட்டுப் போறோம். செத்ததோட தோலத் தூக்கிக்கிட்டு ஆத்தா முன்னால போயி நிப்பேனா? வச்சுக்கிட்டு நில்லுங்க, இந்தா வாரேன்."

"நான் சாமி கும்பிட வேணாமா?"

"பையக் கீழ வச்சுட்டு வாங்க. களவு போனா எனக்கென்ன?"

பிள்ளைகளோடு போயே போய்விட்டாள். மதுரை மொத்தமும் அன்று தெப்பக்குளத்தில். நடுவில் நான், கையில் பை. அக்குளில் இடுக்கினேன், ஒரு போலீஸ்காரர் முறைத்தார். முதுகுக்குப் பின்னால் பிடித்தேன், பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் தலையெழுத்தே என்று முழங்கையில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸ் கண்ணுச்சாமி வந்தான். "என்ன மாப்ள, கோலம் மாறிப்போச்சு?"

"அன்னக்கொடியோடது. உள்ள போயிருக்கா."

"யாரோடதா இருந்தா என்ன, பை நல்லாருக்குடா. ஒனக்கு எடுப்பாவும் இருக்கு."

மானம் போனது. ஆனாலும் மனசு 'ஒண்ணு' என்று எண்ணிக்கொண்டது.

அடுத்து என் மானேஜர் சீதாராமன், சம்சாரத்தோடு. நான் தூணுக்குப் பின்னால் பதுங்குவதற்குள் அந்த அம்மாள் அலர்மேல்மங்கை என்னைப் பிடித்துவிட்டாள்.

"முதலையா? வயித்துத் தோலா?"

என் காதில் தேன் பாய்ந்தது. "ஆமாங்கம்மா! செதிலப் பாருங்க, நடுவுல சதுரம், ஓரத்துல உருண்டை..."

"கொழும்புலேர்ந்து எங்கப்பா ஒண்ணு கொண்டுவந்தார். இவ்வளவு நேர்த்தி இல்லை."

அதற்கப்புறம் வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. பையைத் திறந்து தையலைக் காட்டினேன். பவுடர் டப்பாவை மானேஜர் கையில் கொடுத்து உள்துணியைக் காட்டினேன். கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெரியவர் தொட்டுப் பார்த்து, நல்லாருக்கு என்றார். மேலூரிலிருந்து வந்த ஒரு பெண் நல்லாருக்கு என்றாள். குளத்தில் தெப்பம் சுற்றியதையே நான் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

திரும்பினால், அன்னக்கொடி.

"எப்ப வந்த?"

"நீங்க செதிலு சொல்ல ஆரம்பிச்சப்பவே. நாலு பேரு கேட்டேன், பதினோரு பேரு சொல்லிட்டாக. அலமாரி உங்களுக்குத்தான்." குரலைத் தாழ்த்தினாள். "ஒனக்காக வாங்குறேன், ஒனக்காக வாங்குறேன்னு இம்புட்டு வருசமா சொல்லிக்கிட்டுத் திரியுறீக. மாட்டிக்கிறணும்னு ஆசை யாருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே தெரியாத என் ஆசை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஊரில் வேறு யார் என்னை இப்படி அறிவார்கள்? நன்றி பொங்க, பையை அவளிடம் நீட்டினேன்.

"எனக்குக் கை ஏது?" என்றாள். இரண்டு கையிலும் பிள்ளைகள். பஸ்ஸில் வீடு வரைக்கும் முதலை என் முழங்கையிலேயே வந்தது.

அடுத்த மாதம் அலங்காநல்லூரில் அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்து. கேட்காமலே அலமாரியைத் திறந்து, முதலையை மாட்டிக்கொண்டு, வாசலில் தயாராக நின்றேன். அன்னக்கொடி வந்தாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"தெப்பத்துக்குத் தூக்கிட்டுப் போனதையே மறுபடியும் தூக்கிட்டு வந்தா எங்க அண்ணன் வீட்டுல என்ன நெனைப்பாக? போயி வேற பைய மாட்டிட்டு வாங்க!"