வெள்ளைச் செருப்பின் மேல் பழுப்பு ஷூ

வரும் ஞாயிற்றுக்கிழமை, சூப்புக்கும் ஆட்டுக்கறிக்கும் நடுவில், இந்த வீட்டின் எஜமானன் ஆகிவிடுவது என்று ருமென் முடிவு செய்தான்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் கழித்து ஒருவன் இப்படி முடிவு செய்கிறான் என்றால் கையில் ஏதோ ஆதாரம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். வெறும் தைரியத்தை நம்பி எந்தக் கணவனும் இந்தக் காரியத்தில் இறங்க மாட்டான்.

ஆதாரம் சிக்கியது மெதோடியின் நிலவறையில். மெதோடி கீழ் வீட்டுக்காரன். ருமெனின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். அப்படி நின்றுவிட்டால் பிறகு சாகிறவரை இருவரும் ஒருவருக்கொருவர் ‘குமே’தான்; சண்டை போட்டாலும் ‘குமே’ என்று கூப்பிட்டுத்தான் போட வேண்டும். உப்பில் ஊறும் முட்டைக்கோஸ் பீப்பாயை மெதோடி நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு வீடியோ கேசட் கிடந்தது.

“குமே! உன் கல்யாணக் கேசட்டுடா! பார்த்துட்டுத் தரேன்னு என் மாமியார் வாங்கிட்டுப் போனது.”

“எப்போ வாங்குனாங்க?”

“உன் கல்யாணத்துக்கு அடுத்த வாரம்.”

ருமெனுக்குக் கோபம் வரவில்லை. கண் கலங்கியது. பல்கேரியாவில், அவர்களுடைய ரூஸே ஊரில், பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டதும் பெண்ணும் மாப்பிள்ளையும் செய்கிற முதல் காரியம் முத்தம் கொடுப்பது அல்ல, மிதிப்பது. யார் முந்திக்கொண்டு மற்றவர் காலை மிதிக்கிறாரோ, வீட்டில் அவர் சொல்தான் செல்லும். படித்தவர்கள் இதெல்லாம் சும்மா விளையாட்டு என்று சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே காலைத் தயாராக வைத்திருப்பார்கள்.

தான்தான் முதலில் மிதித்தது என்று ருமென் அன்றுமுதல் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் வீட்டு நடப்பைப் பார்த்த யாரும் நம்பவில்லை. நெவெனா இல்லை என்று சொன்னதில்லை, ஆமாம் என்றும் சொன்னதில்லை. “சாட்சி இருக்கா?” என்று மட்டும் கேட்பாள். சாட்சியாக நிறுத்திய மெதோடியோ அந்த நொடி பார்த்துத் தும்மிக்கொண்டிருந்தான்.

சாட்சி இல்லாத வழக்கில் தீர்ப்பு எப்போதும் நெவெனா பக்கமே போனது. திரைச்சீலையின் நிறம், விடுமுறைக்குக் கடலா மலையா, ருமென் மீசை வைக்கலாமா கூடாதா, எல்லாம். அதையெல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். ஆனால் இந்தக் கோடையில் பால்கனிக்குக் கண்ணாடி போட்டார்கள்.

ருமென் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நாளெல்லாம் அடுத்தவன் வீட்டு இருட்டுக் குழியில் தொங்குகிறவனுக்கு ஒரு வெளிச்சமான மூலை வேண்டும் என்று ஆசை இருக்காதா? மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர், உள்ளேயிருந்து சாத்திக்கொள்ள ஒரு கதவு. பால்கனியை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து கம்ப்யூட்டரில் படமும் வரைந்து வைத்துவிட்டான்.

“அங்கே ஜாடி வைக்கணும்” என்றாள் நெவெனா. 

இலையுதிர் காலம் வந்தால் அவள் சுட்டு, உரித்து, கிண்டி ஜாடிகளில் அடைக்கும் சிவப்புக் குடைமிளகாய் விழுது ஒரு ரெஜிமெண்டுக்குப் போதும். இருப்பது இரண்டு பேர். மகள் யானா வியன்னாவில் இருக்கிறாள்.

“கட்டிலுக்கு அடியில ஜாடி, சோபாவுக்குப் பின்னால ஜாடி. போன வாரம் என் பூட்ஸுக்குள்ள கையை விட்டா அங்கேயும் ஜாடி!”

“அதான் சொல்றேன், பால்கனியில வெச்சா உன் பூட்ஸ் காலியாகும்ல?”

இப்படிப் பேசுகிறவளிடம் என்ன பேசுவது? ஆதாரம்தான் பேச வேண்டும்.

கேசட்டைக் கடையில் கொடுத்து ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி வாங்கினான். நெவெனா வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, பால்கனியில் கம்ப்யூட்டரை வைத்து ஓட்டினான். படம் பிடித்தவன் ஊர் வழக்கம் தெரிந்தவன். கையெழுத்து முடிந்ததும் கேமராவை நேரே கால்களுக்கு இறக்கியிருந்தான். வெள்ளைச் செருப்பு ஒன்று. பழுப்பு ஷூ ஒன்று. ஷூ எழுந்தது. தயங்கியது. பிறகு செருப்பின்மேல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இறங்கியது.

“நான்தான்!” என்று துள்ளிக் குதித்து, துணிக்கொடிக் கம்பியில் தலையை இடித்துக்கொண்டான். ஆனந்தத்தில் படத்தை நிறுத்த மறந்துவிட்டான். அங்கேதான் தப்பு நடந்தது.

படம் தாழ்வாரத்துக்குப் போனது. கல்யாணப் பெண்ணின் முக்காட்டைத் தோழி ஸ்டெஃப்கா சரிசெய்துகொண்டிருந்தாள். இன்று அவள் மெதோடியின் மனைவி.

“அவன் கால் பக்கத்துலயேதானே இருந்துச்சு, ஏன்டி நீ மிதிக்கல?” என்று கேட்டாள் ஸ்டெஃப்கா.

“அவன் கையைப் பார்த்தியா? மோதிரத்தைப் பிடிக்க முடியாம நடுங்குது. அதான் காலை நகர்த்தாம வெச்சிருந்தேன். இந்த ஒண்ணாவது ஜெயிக்கட்டும், பாவம்” என்றாள் இருபத்திரண்டு வயசு நெவெனா. “மிச்சத்தையெல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். முன்பல்லில் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது.

ருமென் படத்தை நிறுத்தினான். பிறகு, கெட்ட காரியம் செய்யும் மனிதன் செய்வதுபோல் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, ஷூ இறங்கிய இடத்தோடு படத்தை வெட்டி, ‘வெள்ளி விழா’ என்று தனியாகச் சேமித்தான். முழுப் படத்தை அழிக்க வேண்டியதுதான் பாக்கி. விரலைப் பொத்தான்வரை கொண்டுபோனான். மூன்று தடவை கொண்டுபோனான். அந்தப் பல்லும் அந்தச் சிரிப்பும் குறுக்கே வந்து நின்றன. கடைசியில் ‘ரவுட்டர் கையேடு’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் ஒளித்துவைத்தான். உலகத்தில் எந்தப் பெண்ணும் அந்த ஃபோல்டரைத் திறக்க மாட்டாள் என்பது அவன் நம்பிக்கை. ஆண்கள் மட்டும் என்ன, திறக்கிறார்களா?

அடுத்த வேலை, கூடத்துப் பெரிய டிவியில் படம் தெரிய வேண்டும். டிஸ்க்கை டிவியிலேயே செருகியிருக்கலாம். ஆனால் எஜமானன் ஆகப்போகிறவன் விருந்தாளிகள் முன்னால் டிவிக்குப் பின்னால் குனிந்து முதுகைக் காட்டுவானா? கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் டிஸ்க்கில் ஏற்றி, அதை ரவுட்டரில் செருகி, வீடு முழுக்கப் பொதுவாக்கினான்.

“என்ன இது, ரவுட்டர் முதுகுல கறுப்பா ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு?”

“ஹார்டு டிஸ்க். இனிமே டிவி, என் கம்ப்யூட்டர், சமையலறையில உன்னுது, மூணுக்கும் இது பொது. ஒரே அலமாரி, மூணு கதவுன்னு வெச்சுக்கயேன்.”

“அலமாரியா? ஜாடி வைக்கலாமா?”

“நெவெனா!”

“சும்மா கேட்டேன். சரி, யானாவோட ஃபோட்டோவை அதுல போடப் பார்த்தா, பாஸ்வேர்டு கேட்குது, உள்ளேயே விட மாட்டேங்குது. என் வீட்டு அலமாரியை நானே வெளியில நின்னு பார்த்துட்டுப் போகணுமா?”

“அது ஒரு பாதுகாப்பு...”

“யார்கிட்டேர்ந்து?”

அதற்கான பதில் கையில் கரண்டியோடு எதிரே நின்றதால் ருமென் ரவுட்டரின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தான்.

பாதுகாப்பைக் கெடுத்தது நெவெனா அல்ல, டிவி. டிஸ்க்குக்கு அவன் ‘எஜமானன்’ என்று பல்கேரிய எழுத்தில் பாஸ்வேர்டு போட்டிருந்தான். டிவியின் ரிமோட்டில் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருந்தது. ருமென் அழுத்த, டிவி மறுக்க, அவன் திட்ட, மாலை முழுக்கப் போராடினான். எஜமானன் என்ற சொல்லை அந்த வீட்டு டிவிகூட ஏற்றுக்கொள்ள மறுத்தது. கடைசியில் வெறுத்துப்போய்ப் பாஸ்வேர்டையே எடுத்துவிட்டான். ‘எல்லாரும்’ என்பதில் ஒரு டிக். பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம் என்று எல்லாவற்றிலும் டிக். லிஃப்டில் ஓர் ஆள் கூடுதலாக ஏறினால் அந்த மாடியையே அதட்டுகிறவன், தன் டிஸ்க்கில் ஊரையே ஏற்றினான்.

“போ, இனிமே இந்த வீட்டுல யார் வேணா என்ன வேணா செய்யலாம்!”

“எப்பவும் அப்படித்தானே?” என்று நெவெனா தலையை இடவலமாக ஆட்டினாள். அந்த ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளி விழா விருந்துக்கு மெதோடியும் ஸ்டெஃப்காவும் வந்தார்கள். நெவெனாவின் அக்கா கேக்கோடு வந்தாள். ரக்கியா என்கிற பழச் சாராயம் ஊற்றினார்கள். சூப் முடிந்தது. ருமென் எழுந்து நின்று தொண்டையைச் செருமினான்.

“இருபத்தைந்து வருஷமா இந்த ஊர் என்னை ஒரு பொய்யன்னு நினைச்சுக்கிட்டிருக்கு.”

“பொய்யன்னு யாரு சொன்னா குமே? பாவம்னுதான் சொன்னோம்” என்றான் மெதோடி.

ருமென் ரிமோட்டை அழுத்தினான். அவன் கை கொஞ்சம் நடுங்கியது. டிவி முழுக்கக் கால்கள். வெள்ளைச் செருப்பு. பழுப்பு ஷூ. ஷூ இறங்கியதும் மெதோடி மேசையைக் குத்தினான். அக்கா கேக்கை மறந்து கை தட்டினாள். ஸ்டெஃப்கா மட்டும் நெற்றியைச் சுருக்கினாள்.

“அட, ஆனா அன்னிக்கு வெளியில வந்து நீ என்கிட்ட...”

“சாப்பிடு ஸ்டெஃப்கா” என்று நெவெனா அவள் தட்டில் ஒரு பெரிய துண்டு ஆட்டுக்கறியை வைத்தாள். வாய் நிறைந்தது. பேச்சு நின்றது.

ருமென் நெவெனா பக்கம் திரும்பினான். இப்போது சண்டை வரும். கிராஃபிக்ஸ் என்பாள். அது வேறு யாருடைய காலோ என்பாள். ஒவ்வொன்றுக்கும் பதிலைக் குளியலறையில் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தான்.

நெவெனா எழுந்து தன் கிளாஸைத் தூக்கினாள். 

“ஒத்துக்கறேன். மிதிச்சது ருமென்தான். இனிமே அவன் சொல்தான். பால்கனி அவனுக்கு.”

எல்லாரும் குடித்தார்கள். ஒத்திகை பார்த்த பதில்கள் எல்லாம் ருமெனின் தொண்டையில் நின்றன. ஆட்டுக்கறி இறங்க இடமில்லை. 

விருந்தாளிகள் போனபின் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தான். தன் பால்கனி. கதவைச் சாத்தினான், திறந்தான், மறுபடி சாத்தினான். ஜெயித்தவனுக்கு வர வேண்டிய சந்தோஷம் எங்கேயோ டிராபிக்கில் மாட்டிக்கொண்டது போலிருந்தது. அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பார்த்தால் தேவலை என்று தோன்றியது. கம்ப்யூட்டரை இழுத்து ‘ரவுட்டர் கையேடு’ ஃபோல்டரைத் திறந்தான்.

படம் இருந்தது. பெயர்தான் மாறியிருந்தது.

‘முழுசும் பார்த்தாச்சு. கையேடு நல்லா இருக்கு.’

பெயரை மாற்றிய தேதியும் பக்கத்திலேயே இருந்தது. வியாழக்கிழமை.

சமையலறையில் நெவெனா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். ருமென் வாசலில் நின்றான்.

“ரவுட்டர் கையேட்டை எதுக்குத் திறந்தே?”

“யானா ஃபோட்டோவைப் போட இடம் இருக்கான்னு பார்த்தேன். ஒரு கையேடு பாதி டிஸ்க்கை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு. என்ன அப்படி எழுதியிருக்கான்னு திறந்தேன். திறந்தா நான் பேசறேன்.”

“அப்போ எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.” தட்டைத் துடைத்து அடுக்கினாள். “உன் கையைப் பார்த்தேன். அன்னிக்கு மோதிரம், இன்னிக்கு ரிமோட். அதே நடுக்கம்.”

அவள் துடைத்து அடுக்கிய தட்டையே ருமென் எடுத்து மறுபடி துடைத்தான்.

“நீயும் அதை அழிச்சிருக்கலாமே? ஏன் அழிக்கல?” என்றாள்.

“உன் பல்லுல உதட்டுச்சாயம் ஒட்டியிருந்துச்சு.”

“அதுக்கு?”

“அதுக்குத்தான்.”

நெவெனா குழாயை மூடினாள். கிட்டே வந்து, கம்பளிச் செருப்பு போட்ட காலை மெதுவாக அவன் கால்மேல் வைத்தாள். வைத்துவிட்டு எடுக்கவில்லை.

“இது எந்தக் கணக்குல?”

“கணக்கெல்லாம் இல்ல. கால் வலிக்குது.”

அப்போதுதான் ருமென் தன் வாழ்நாளின் முதல் உத்தரவைப் போட்டான். “பால்கனியில ஜாடி வெச்சுக்க.”

“ஐயோ, வேணாம். அது உன்னோடது.”

“என் சொல்தான் செல்லும்னு நீதானே சொன்னே? சொல்றேன். ஜாடிக்குத்தான் பால்கனி.”

“எஜமானர் சொன்னா மறுக்க முடியுங்களா?” என்று திடீர் மரியாதையோடு சொல்லிவிட்டு நெவெனா அடுத்த தட்டை எடுத்தாள்.

அன்று மாலை முழுக்க ருமென் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். பெருந்தன்மை அவனுக்குப் புதிய கோட்டுபோல் பொருந்தியிருந்தது. நாளைக்கே நல்ல தச்சனாகப் பார்த்து, நெவெனாவுக்கே தெரியாமல் அலமாரி செய்யச் சொல்லி அசத்திவிடுவது என்று அடுத்த முடிவையும் எடுத்தான்.

திங்கட்கிழமை காலை அவன் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு தச்சன். அவனுக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்க, அறுத்து இழைத்த பலகைகள்.

“பால்கனிக்கு ஜாடி அலமாரி சார்.”

“நான் யாருக்கும் சொல்லலையே!”

“அம்மா வியாழக்கிழமையே ஆர்டர் கொடுத்துட்டாங்க. திங்கட்கிழமை காலையில கொண்டு வாங்க, அதுக்குள்ள அவரே சரின்னு சொல்லிடுவார்னாங்க.”

ருமென் வாயிலிருந்த பற்பசை நுரையை விழுங்கினான். “அளந்தே பார்க்காம எப்படிய்யா அறுத்தே?”

“நீங்கதானே சார் அளந்து, படம் வரைஞ்சு டிஸ்க்குல போட்டு வெச்சிருந்தீங்க? மில்லிமீட்டர் பிசகல.”