நீலக்கோடு யார் கழுத்துக்கு?

அடி அண்ணாமலை
வியாழக்கிழமை

அன்பு மகள் கவிநிலாவுக்கு, பெரியப்பா முருகையன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் புண்ணியத்திலும் பிரஷர் மாத்திரை புண்ணியத்திலும் நானும் உன் பெரியம்மா தங்கம்மாளும் இங்கே நலம். சென்னையில் நீயும் உன் ஆபீசும் நலம் என்று நம்ப ஆசைதான். நம்புவதற்கு முன்னால் சில விஷயங்களைக் கேட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் யார் யாரோ படிக்கிறார்கள் என்பதால் கைப்பட எழுதுகிறேன்.

விஷயம் நீ வரைந்து கொடுத்த கட்டடம்தான். நம் தெருவுக்கு எதிரே ஏரிக்கரையில், பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் நடக்க, வெள்ளம் வந்தாலும் அசையாத திறந்தவெளிப் பொழுதுபோக்கு மையம் என்றார்கள். பலகையில் உன் பெயரைப் பார்த்துவிட்டுப் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திக் காட்டினேன், அதை மறுக்கவில்லை. ஆனால் முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். உன் கட்டடம் அந்தப் பார்வைதான் பார்க்கிறது.

கட்டடத்துக்கு எதற்கம்மா கால்? ஆள் உயரத்துக்கு மேல் தூண் நட்டு, அதன் தலையில் கூடத்தைத் தூக்கி வைத்து, கீழே காலியாக விட்டிருக்கிறாய், இந்த ஊரில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி நாலடி இடம் கிடைத்தால் இளநீர்க் கடை போட்டுவிடுகிறார்கள், இவ்வளவு இடத்தை யாராவது சும்மா விடுவார்களா, யாருடைய மச்சானுக்கு என்று விசாரித்தால் தண்ணீர் வந்து போவதற்கு என்கிறார்கள், தண்ணீருக்கு யார் இடம் விடுகிறார்கள்? சுற்றுச்சுவரின் அடியில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, அதுவும் தண்ணீர் போகத்தானாம். வாலிபால் மைதானத்தைப் பள்ளமாகத் தோண்டியிருக்கிறாய், மழைத் தண்ணீர் அங்கே நின்று மெதுவாக இறங்குமாம், பள்ளத்தை மேடாக்கத்தான் இன்ஜினியர் படிப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நடைபாதையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்ட் இல்லை, அந்தச் சிமெண்ட் எங்கே போனது? இதெல்லாம் போகட்டும், மேல் வராந்தாவில் நின்றால் எங்கள் மொட்டை மாடி தெரிகிறது. காலையில் நான் கோவணத்தோடு எண்ணெய் தேய்த்து வெயில் காய்கிற இடம் அது. இப்போது வாக்கிங் வருகிறவர்கள் மேலே நின்று எனக்கு வணக்கம் வைக்கிறார்கள்.

இதையும் பொறுத்திருப்பேன். தூணில் நீலக்கோடு போட்டு ‘வெள்ள மட்டம்’ என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் விட முடியாது. முதுகைக் கொடுத்து நின்று பார்த்தேன். டீக்கடை சடையனுக்கு மூக்குக்கு வருகிறது, உன் பெரியம்மாவுக்கு உச்சந்தலைக்கு வருகிறது, எனக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த காலர் மாதிரி சரியாகக் கழுத்துக்கு வருகிறது. நீ இதை வரைவதற்கு முன்னால் அடித்ததே, அந்தப் புயல் மழையில் நம் தெருவுக்குள் வந்த தண்ணீர் முட்டி வரைக்கும்தான், தெரு நாய்க்குக்கூடத் தெரியும். அப்படியானால் கழுத்து என்று பொய் சொன்னவன் எவன்? அவன் பேச்சைக் கேட்டுத்தானே தூணை இவ்வளவு தூக்கினாய்? முட்டி என்று உண்மையைச் சொல்லியிருந்தால் கட்டடம் தாழ்வாக இருந்திருக்கும், என் மானமும் மாடியிலேயே இருந்திருக்கும்.

ஆகவே போன திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டேன். முதலாவது, அந்தப் பொய்யனைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது, அந்த மழைக்குப் பிறகு நிவாரணம் எழுத ஒரு பெண் கையில் பெரிய செல்போனோடு வந்தாள், நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் தாராளமாகப் பதில் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன், இன்றுவரை நிவாரணம் வரவில்லை, அது எங்கே? வரும் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. உன்னையும் கூப்பிடுவார்களாம். இது உன் முதல் கட்டடம் என்று எனக்குத் தெரியும், பயப்படாதே. பொய்யன் பெயரைச் சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். சொல்லாவிட்டால், வேண்டுமென்றே உயர்த்திச் செலவை ஜாஸ்தியாக்கினாய் என்று பழி உன் தலையில்தான் விழும்.

உன் பெரியம்மாவும் சரியில்லை. மனு என்று பேச்செடுத்தாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுகிறாள். அவளையும் கவனித்து வருகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மலை இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கு, எல்லா நலமும் உனக்கு வரும். உன் அப்பாவை விசாரித்ததாகச் சொல். இதைக் கேட்டு அவன் சிரித்தால் அவனையும் சந்தேகப்படு.

இப்படிக்கு,
பொய்க்கு ஒருநாளும் துணைபோகாத உன் பெரியப்பா,
முருகையன்

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. இதைத் தபாலில் போடுவதற்குள் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. நிவாரணம் எழுத யாரையும் அனுப்பவில்லையாம். செல்போனோடு வந்த பெண் உன் ஆபீஸ் பெண்ணாம், தண்ணீர் எதுவரை வந்தது என்று எழுத வந்தவளாம். முட்டி என்றால் என்ன கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அன்றைக்கு நான் கழுத்து என்றேன். அவள் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து இன்ச் டேப்பால் கழுத்தை அளந்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. தெருவில் பதினொரு பேர் முட்டி என்றார்களாம். டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என் பேச்சை எடுத்துக்கொண்டார்களாம். அவள் எழுதிக்கொண்டு போனதன் நகலையும் பதிலோடு வைத்திருக்கிறார்கள், அதில் என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

உன் பெரியம்மாவிடம் காட்டினேன். “மோர் எடுத்துக்கினு வந்தப்பவே காதுல வுழுந்துச்சிங்க. நீங்களா கண்டுபிடிப்பீங்கன்னு இருந்தேன்” என்றாள்.

மனுவைத் திரும்பக் கேட்டேன், தர முடியாதாம். உன் பெயருக்குக் கெடுதல் வர விடமாட்டேன். அந்தப் பொய்யன் நான்தான் என்று நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் சடையன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வெட்கமாக இருக்கிறது, மகளே. அதனால் இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பிலேயே அனுப்புகிறேன். உன் கம்ப்யூட்டரில் பார்த்து உடனே சொல்: திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் நம் தெருவில் கழுத்தளவு தண்ணீர் வர ஏதாவது வாய்ப்பு இருக்கிறதா?