ஆபீஸ் காணாமல் போன வாரம்

வேலை போன விஷயம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. வேறு வேலை கிடைத்த பிறகுதான் மனைவியிடம் வாயைத் திறப்பது. இந்த வைராக்கியத்தோடு, கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதர், தினமும் இஸ்திரிச் சட்டையும் தோளில் சொந்த லேப்டாப்புமாகக் கிளம்பி, நூலகத்து மூலையில் போய் உட்கார்ந்தார். விண்ணப்பம் அனுப்புவார். பதில் வராது. ஜன்னலைப் பார்ப்பார். அதுவும் ஒன்றும் சொல்லாது.

லேப்டாப்பில் நெட்டுக்கு இரண்டு அமைப்புகள்: 'வீடு', 'ஆபீஸ்'. ஆபீஸ் நெட்டுக்கு ஆயிரம் பூட்டு, தாழ்ப்பாள். அந்த அமைப்போடு வீட்டுக்கு வந்தால் ஒரு பக்கமும் திறக்காது. வீட்டு அமைப்போடு ஆபீஸ் போனால் அங்கேயும் அதே கதி. காலையும் மாலையும் மாற்றியாக வேண்டும். மறந்த நாளெல்லாம் வீடு ரெண்டுபடும்.

நூலகத்தில் அந்தத் தொல்லை இல்லை. 'வீடு' அமைப்பிலேயே நெட் வந்துவிடும். ஆனாலும் மனிதர் கெட்டிக்காரர். மாலையில் வந்ததும் மனைவி காதில் விழும்படி இரண்டு பட்டனை டொக் டொக்கென்று தட்டுவார்.

வெள்ளிக்கிழமையும் தட்டினார்.

"ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு மாத்தியாச்சு!"

இடுப்பில் குழந்தையோடு மனைவி வந்து நின்றாள்.

"இன்னிக்கு வேலை எப்படிங்க?"

"அதை ஏன் கேக்குற! தலை நிமிர நேரமில்ல. நாள் பூரா ஆபீஸ் நெட்லயே கிடந்தேன்."

"அடப் பாவமே. எப்படி மாத்துறீங்க, எனக்கும் காட்டுங்களேன்."

"உனக்கெதுக்கு அதெல்லாம்?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

திறந்தார். 'வீடு' இருந்தது. மேலே பார்த்தார், கீழே பார்த்தார். வேறொன்றும் இல்லை.

"ஆபீஸ் எங்கேம்மா?" வாய் முந்திக்கொண்டது.

"ஞாயித்துக்கிழமை என் கை பட்டு அழிஞ்சுபோச்சு. மறுநாள் ஆபீஸ்ல நெட் வரலைன்னு வந்து குதிப்பீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன். நீங்க சிரிச்சுகிட்டே வந்து 'மாத்தியாச்சு'ன்னீங்க. சரி, செவ்வாய்க்கிழமை குதிப்பீங்கன்னு பார்த்தேன். புதனும் போச்சு, வியாழனும் போச்சு."

அவர் லேப்டாப்பை மெல்ல மூடினார்.

"வேலை எப்போ போச்சு?"

"போன மாசம்."

"பகலெல்லாம் எங்கே இருக்கீங்க?"

"நூலகத்துல."

"நான் கட்டிக் குடுக்குற சாப்பாடு?"

"உள்ளே சாப்பிடக் கூடாதாம். வெளியே படிக்கட்டுல."

"மழையிலயுமா?"

அவர் தலை குனிந்துகொண்டார். குழந்தை அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது.

"இனிமே இங்கேயே உட்கார்ந்து விண்ணப்பம் போடுங்க. நெட்டும் மாத்த வேண்டாம், பேச்சும் மாத்த வேண்டாம்."

அவர் கண் கலங்கியதைப் பார்த்தாள். அடுக்களைக்குப் போனவள் ஒரு கூடை வெங்காயத்தையும் கத்தியையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"இதை உரிங்க. அழுதாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அந்த மனசை நினைத்தபடியே அவர் முதல் வெங்காயத்தைக் கையில் எடுத்தார்.

"அழுது முடிச்சதும் சொல்லுங்க," என்றாள் அவள். "பூண்டு இருக்கு."