கொலோனுக்கு ஒரு கிலோ கறித்தூள்

காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் காலுறையோடு படியிறங்கிக்கொண்டிருந்தான் எமில். பழைய மரப்படிகள். கடைசித் திருப்பத்தில் ஒரு படி முனகும் என்று அவனுக்குத் தெரியும். அதை எட்டித் தாண்டினான். தாண்டிய வேகத்தில் தோள்பை சுவரில் இடித்தது.

"ஆர் அது? தம்பியோ?"

படிக்கட்டு முடியும் இடத்தில்தான் இராஜேந்திரனின் பலசரக்குக் கடையின் பின்வாசல். அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி கோசலை.

"ஆமாக்கா, நாந்தான்."

"சப்பாத்தை ஏன் கையிலை வச்சிருக்கிறியள்?"

"அடி தேஞ்சிடுச்சுக்கா. தைக்கக் குடுக்கலாம்னு."

"விடியக் காலமையோ? வெறுங்காலோடையோ?" கோசலை கத்தியைக் கீழே வைத்தாள். "சப்பாத்துத் தைக்க இவ்வளவு பெரிய பை என்னத்துக்கு?"

சொன்ன பொய்க்கு மன்னிப்புக் கேட்டு, எமில் மனதுக்குள் உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கினான். அவன் பயந்தது கோசலைக்கு அல்ல, அவளுடைய பார்சலுக்கு.

எமில் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பாரிஸில் படிக்க வந்து, ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் இந்தக் கடைக்கு மேலே உச்சி மாடியில் ஓர் அறை எடுத்திருந்தான். கல்லூரித் தோழர்கள் வெள்ளிக்கிழமை மாலை பையைத் தூக்கினால், திங்கட்கிழமை காலை ஒரு தேசத்தைப் பார்த்த முகத்தோடு வந்து நிற்பார்கள். எமிலும் அப்படித்தான் ஆசையோடு கிளம்பினான். ஆனால் அவன் கிளம்பும்போதெல்லாம் கோசலையின் கறித்தூளும் கிளம்பியது.

"தம்பியிட்டை பிரெஞ்சுக் காட் இருக்கு, எல்லையிலை ஒருத்தரும் மறிக்க மாட்டினம். எங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்லையே. ஒரு கிலோ தூள்தான். அங்கை எங்கடை சனத்துக்கு இது கிடையாது."

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, தங்கும் அனுமதிக் காகிதத்துக்குக் காத்திருக்கும் சனம். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? புருஸ்ஸல்ஸுக்குக் கொண்டுபோனான். அந்த வீட்டார் உட்காரவைத்து இடியப்பமும் சொதியும் பரிமாறி, அவன் எழுந்திருப்பதற்குள் ரயில் நேரமாகிவிட்டது. புருஸ்ஸல்ஸில் அவன் பார்த்தது சமையலறை ஜன்னலுக்கு வெளியே காய்ந்துகொண்டிருந்த எதிர்வீட்டுத் துணிகளை. ஆம்ஸ்டர்டாமில் மழை. பார்சல் நனைந்து, காகிதம் கரைந்து, உள்ளே பிளாஸ்டிக் பையின் மூலை கிழிந்துவிட்டது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி இரண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சிலுவை மாதிரி குறுக்கே ஒட்டி, ஒரு சிட்டிகை சிந்தாமல் கொண்டுசேர்த்தான். அங்கே புட்டும் நண்டுக் குழம்பும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆட்டிறைச்சி. போகிற இடமெல்லாம் திரும்பும்போது, "கோசலை அக்காட்டைக் குடுத்துவிடுங்கோ" என்று அவர்களும் ஒரு பார்சல் கொடுத்தார்கள். என்னவென்று அவன் கேட்டதில்லை. அவன் பையே கறித்தூள் வாசனையில் ஊறிப்போய்விட்டதால், எதை வைத்தாலும் ஒரே வாசனைதான்.

வந்த புதிதில் கோசலை இரண்டு தடவை அவனைச் சாப்பிடக் கூப்பிட்டதுண்டு. சனி ஞாயிறுகளில் மாணவர் உணவுக்கூடம் மூடியிருக்கும். அறையில் ரொட்டியும் தண்ணீரும்தான். ஆனாலும் பிறர் வீட்டில் கை நனைக்க எமிலுக்குக் கூச்சம். இரண்டு தடவையும் "சாப்ட்டேங்க்கா" என்றான். பிறகு அவள் கூப்பிடவில்லை, பார்சல்தான் கொடுத்தாள். அக்காவுக்கு மனுஷனைவிடத் தூள்மேல்தான் அக்கறை என்று அவனுக்கு உள்ளூர ஒரு சின்ன மனத்தாங்கல்கூட இருந்தது.

ஆனால் இந்தச் சனிக்கிழமை வேறு. எமில் பிறந்தது, குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுபோன மூன்று ராஜாக்களின் திருநாளன்று. பிறந்த வாரமே காய்ச்சல் கண்டு, மருத்துவர் கைவிட்ட பிள்ளை. அவன் அம்மா சவரியம்மாள் அன்றைக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால், அந்த மூன்று ராஜாக்களின் எலும்புகள் திருப்பண்டமாக எந்த ஊரில் இருக்கின்றனவோ, அந்த ஊர்க் கோவிலில் அவன் கையாலேயே ஒரு மெழுகுதிரி ஏற்றுவான். அந்த ஊர் ஜெர்மனியின் கொலோன். அடுத்த வாரம் பரீட்சை, அது முடிந்த கையோடு ஊருக்கு விமானம். இன்று விட்டால் அம்மாவின் நேர்ச்சை நேர்ச்சையாகவே நின்றுவிடும். இன்று மட்டும் பார்சல் வேண்டாம் ஆண்டவரே என்று ஜெபித்துவிட்டுத்தான் படியிறங்கியிருந்தான்.

"கூசேன்வில் போறேங்க்கா," என்றான். "பெரியப்பா வீட்டுக்கு."

கோசலையின் முகம் மலர்ந்தது. "அட, அதை முதலே சொல்லியிருக்கலாமே. இஞ்சாருங்கோ," என்று உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். "நீங்கள் இப்ப றுவாசி எயார்போட்டுக்குச் சாமான் எடுக்கத்தானே போறியள்? தம்பியைக் கூசேன்வில்லிலை இறக்கிவிடுங்கோ."

"வேணாங்க்கா, நான் ரயில்லயே…"

"வான் சும்மாதானே போகுது. ஏறும் தம்பி," என்றார் இராஜேந்திரன், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே.

கொலோன் ரயில் நிற்கும் கார் து நோர் நிலையம் கடையிலிருந்து கூப்பிடு தூரம். வான் அதைத் தாண்டி நிற்காமல் ஓடியது. எமில் ஜன்னல் வழியாக நிலையத்தின் கடிகாரத்தைப் பார்த்தான்.

வழியில் எங்காவது இறங்கிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது.

"அண்ணன், இங்கியே நிறுத்துங்க. ஒரு பூச்செண்டு வாங்கிக்கிட்டு நான் ரயில்ல போயிடறேன்."

"நல்ல பழக்கம்," என்று வானை ஓரங்கட்டினார் இராஜேந்திரன். "வாங்கிக்கொண்டு வாரும், நான் நிக்கிறன்."

ஆகவே பூச்செண்டும் வாங்கவேண்டியதாயிற்று.

கூசேன்வில்லிலும் அவர் போகவில்லை. கதவு திறந்து ஆள் உள்ளே போகும்வரை இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருந்தார். வேறு வழியில்லாமல் எமில் மணியை அழுத்தினான்.

"எமிலா? நீயா?" பெரியம்மா ஜெர்மேன் அவன் கையில் இருந்த பூச்செண்டைப் பார்த்து நெகிழ்ந்துபோனாள். "என் பொறந்தநாள ஒங்க பெரியப்பாவே மறந்துட்டார். நீ ஞாபகம் வச்சிருந்தியே."

அவளுக்கு அன்று பிறந்தநாள் என்பது எமிலுக்கும் அப்போதுதான் தெரிந்தது. தெரியாது என்று சொல்லி அந்த முகத்தை வாடவைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மனஸ்தாப மந்திரத்தை முதலிலிருந்து தொடங்கினான்.

விமான நிலையத்தில் வேலை செய்யும் பெரியப்பா பிலிப், மறந்ததை ஈடுகட்டத் தானே பலகாரம் எடுத்துவைத்தார். அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் காலை ரயில் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னான்.

"ஒரு பார்சலுக்குப் பயந்தா இவ்ளோ பொய்?" பிலிப் சிரித்தார். "மதிய ரயிலப் புடி. சாயங்காலம் போய்ச் சேந்துடுவ. கோவில் ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு."

"எப்படியும் கார் து நோர் வழியாத்தான போற?" கோசலை கடையின் பழைய வாடிக்கைக்காரியான ஜெர்மேன் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தாள். "கோசலைக்கு இந்த வடகத்தக் குடுத்துட்டுப் போ. ரெண்டு எட்டுதான்."

எமில் டப்பாவையும் வாங்கிக்கொண்டான். கடைப்பக்கம் இனி எந்த முகத்தோடு போவது? ஞாயிறு இரவு திரும்பிவந்து கொடுத்தால் போயிற்று. வடகமும் கொலோன் பார்த்துவிட்டு வரட்டும்.

ஆனால் ஜெர்மேன் எதையும் சொல்லாமல் அனுப்புகிறவள் அல்ல. அவன் தெருமுனை திரும்புமுன்பே தொலைபேசியை எடுத்துவிட்டாள்.

கார் து நோரில் மதிய ரயில் நின்றுகொண்டிருந்தது. படியில் கால் வைத்த எமில் பின்னால் ஒரு மூச்சிரைப்பைக் கேட்டான்.

"நல்ல காலம் தம்பி, றெயின் வெளிக்கிடேல்லை."

கோசலை. மேல்கோட்டுக்குக் கீழே சேலை. கையில் செய்தித்தாள் சுற்றிச் சணல் கட்டிய பார்சல்.

எமில் படியிலிருந்து காலை எடுத்தான். "அக்கா, நான் வந்து… காலைல…"

"உங்கடை பெரியம்மா எல்லாம் சொன்னவ." கோசலையின் குரலில் கோபம் துளியும் இல்லை. "நேர்த்திக்கடன் தீர்க்கப் போறியள். நல்ல விஷயம். வடகத்தைத் தாங்கோ." டப்பாவை வாங்கிக்கொண்டு பார்சலை அவன் கையில் வைத்தாள். "கொலோனிலை எங்கடை கௌரி இருக்கிறா. ஒரு கிலோ தூள்தான். அந்த ராஜாக்களும் பார்சல் கொண்டுபோன ஆக்கள்தானே."

திட்டியிருந்தால் மறுத்திருப்பான். திட்டாததால் மறுக்க முடியவில்லை.

வழி நெடுக எமில் கணக்குப் போட்டான். இறங்கியதும் நேரே கோவில், திரியை ஏற்றுவது, அதற்குப் பிறகு பார்சல். அந்தக் கணக்கு கொலோன் நடைமேடை வரை சரியாகவே இருந்தது. அங்கே ஒரு தமிழ்ப் பெண் கையசைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில், கைகளைக் கோட்டுப்பைக்குள் விட்டபடி அவள் புருஷன் பொன்னம்பலம்.

"கோசலை அக்கா போன் பண்ணினவ. கெதியா வாங்கோ தம்பி, சோறு ஆறப்போகுது," என்று கௌரி அவன் பையையே பறித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் வானத்தை மறைத்துக்கொண்டு அந்த இரட்டைக் கோபுரம் நின்றது. எமில் நின்றான். கௌரி நிற்கவில்லை. பை அவள் தோளில் இருந்தது. பின்னாலேயே நடந்தான்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒற்றை அறை வீடு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பொரித்த மீன். எமில் சாப்பிட்டான். கண் மட்டும் ஜன்னல் வழியாகத் தூரத்துக் கோபுரத்தில் இருந்தது. இந்நேரம் அங்கே கதவைச் சாத்தியிருப்பார்கள். மூன்றாவது தடவை சோறு வைக்கும்போது கௌரி கேட்டாள்.

"ஏன் தம்பி, கறி உறைப்போ? கண்ணெல்லாம் கலங்குது."

எமில் நேர்ச்சையைச் சொன்னான். மதியமே கோவிலுக்குப் போயிருக்கவேண்டிய நாளை ஒரு பார்சல் விழுங்கிவிட்டது என்று மட்டும் சொல்லவில்லை. அதை விழுங்கியது தன்னுடைய பொய்தான் என்பது அவனுக்கே தெரியும்.

"இதுக்கோ அழுறியள்? நாளைக்கு முதல் பூசைக்குத் திறப்பினம்," என்றாள் கௌரி. "நாங்கள் சைவம்தான். எண்டாலும் வெள்ளிக்கிழமையிலை அங்கை போய்த்தான் திரி கொளுத்துறனாங்கள். எங்கடை காகிதம் சரிவர வேணுமெண்டு."

பொன்னம்பலம் தலையை மட்டும் ஆட்டினார். வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் காலை மூவருமாகப் போனார்கள். தங்கப் பேழையைக் கண்ட இடத்தில் எமில் முழந்தாளிட்டான். அம்மா பெயரைச் சொல்லித் திரியை ஏற்றினான். கௌரியும் தன் திரியை அவன் திரியிலிருந்தே பற்றவைத்துக்கொண்டாள். நேற்றுச் சொன்ன பொய்களுக்கெல்லாம் வரிசையாக மன்னிப்புக் கேட்டான். ஆனாலும் ராஜாக்களே, காகிதம் இல்லாத இந்த ஏழைச் சனத்துக்காக ஊர் ஊராகச் சுமந்தேனே, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி கூட்டிக்கொண்டான். மனம் இலேசாகிவிட்டது.

ரயிலடியில் கௌரி வழக்கம்போல ஒரு பார்சலை நீட்டினாள். "கோசலை அக்காட்டைக் குடுத்துவிடுங்கோ."

நேற்றுப்போல் இன்று அது கனமாகத் தோன்றவில்லை. சிரித்துக்கொண்டே வாங்கினான். அவசரத்தில் சுற்றிய ஜெர்மன் செய்தித்தாள் அவன் கைப்பிடியில் கிழிந்தது. உள்ளே பிளாஸ்டிக் பை. அதன் மூலையில், அழுக்கேறி, சிலுவை மாதிரி குறுக்கே ஒட்டிய இரண்டு பிளாஸ்திரித் துண்டுகள்.

எமில் அதைத் தடவிப் பார்த்தான். அவன் ஒட்டியதுதான். ஆம்ஸ்டர்டாம் மழையில்.

"இது நான் ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோனதாச்சே. அப்புறம் பாசலுக்கு… இங்கியும் இதேதானா?" பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பிரிக்கவே இல்லியேக்கா. யாருக்குமே வேணாம்னா இத எதுக்கு நான் சுமந்துக்கிட்டு அலையறேன்?"

கௌரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். ரயில் ஊதியது. பொன்னம்பலம் கோட்டுப்பையிலிருந்து கையை எடுத்து, கிழிந்த காகிதத்தை ஒழுங்காக மூடிவிட்டு, முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"தூள் இஞ்சை கீழ்க்கடையிலையும் விக்குது தம்பி, பசியோடை 'சாப்பிட்டிட்டன்' எண்டு பொய் சொல்லுற பொடியன் கூப்பிட்டால் வரமாட்டான், கையிலை ஒரு பார்சல் இருந்தால்தான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவான் எண்டு கோசலை அக்கா சொன்னவ."