பெட்டியர் ஒட்டிய தொட்டி

இந்த வன்னியில் சாமான் வாங்காத ஆள் இல்லை. ஆனால் சாமானைவிட அது வந்த பெட்டியை மதித்தவர் ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தது நான் முற்பிறப்பில் செய்த வினை. அவருடைய உண்மைப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கைக்கு அவர் பெட்டியர்.

பெட்டியர் வீட்டு மண்டபத்தில் ஒரு சுவர் முழுக்க, கூரை முட்ட, காட்போட் பெட்டிகள் அடுக்கியிருக்கும். ரீவி வந்த பெட்டி, ஃபான் வந்த பெட்டி, சோறு வேகவைக்கிற குக்கர் வந்த பெட்டி. சுவர் மணிக்கூட்டுக்கு நேர் கீழே மணிக்கூட்டுப் பெட்டி. ரீவியின் முகத்தில் ஒட்டி வந்த பொலித்தீனை அவர் உரிக்கவே இல்லை. ஆகவே அந்த வீட்டில் செய்தி வாசிக்கிற பெண்கள் எல்லாரும் வருடம் முழுக்கப் பனிக்குள் நின்றுதான் வாசித்தார்கள். கதிரைகளுக்கும் பொலித்தீன். இருந்தால் வழுக்கும், எழும்பினால் சத்தம் போடும். நல்ல கண்ணாடிக் கிளாஸ் செட் ஒன்று பெட்டிக்குள் கிடக்க, எங்களுக்குத் தேத்தண்ணீர் பிளாஸ்டிக் கோப்பையில் வரும். கேட்டால், பெட்டிக்குள் இருக்கிறது உடையாது என்பார். அது உண்மைதான், மறுக்க முடியாது.

ஒழுங்கையில் யார் வீட்டுக்குப் புதுச் சாமான் வந்தாலும் மின்சாரம் கொடுக்க முதல் பெட்டியர் வாசலில் நிற்பார். எங்கள் பிரிஜ் வந்த அன்று அப்படித்தான்.

"பெட்டி தேவையோ தம்பி?"

"தேவையில்ல அண்ணை, கொண்டு போங்கோ."

"விசரே உனக்கு? பெட்டி இல்லாம பிரிஜ்ஜ என்னெண்டு கொண்டு போவாய்?"

"எங்க அண்ணை கொண்டு போறது?"

"எங்க எண்டு சொல்லிப்போட்டோ முந்தி எங்கள அனுப்பினவங்கள்?"

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு போனார். தனக்காக அல்ல. என் பெயரைப் பெரிய எழுத்தில் அதன் மேல் எழுதி, தன் வீட்டுச் சுவரில் எனக்காக அடுக்கி வைத்தார். அப்படி ஒழுங்கையில் பாதிப்பேருடைய பெட்டிகள் அந்த மனிதரின் பொறுப்பில் இருந்தன. அதற்கு நாங்கள் அவருக்குக் கொடுத்த சம்பளம், முதுகுக்குப் பின்னால் சிரித்த சிரிப்பு.

கூரைத் தகரத்தையும் அவர் ஆணி அடித்துப் பூட்டவில்லை, போல்ட்டும் நட்டும்தான். நட்டையும் விரலால் சுழற்றினால் கழலும் அளவுக்கே விட்டிருந்தார். அவசரத்துக்கு ஸ்பனர் தேடக்கூடாதாம். ஒரு மாரியில் அடித்த காற்றுக்கு அவருடைய தகரங்கள் எழும்பி வந்து என் வாழைத் தோட்டத்தில் இறங்கின. குலை தள்ளின வாழைகள். விடிந்ததும் பெட்டியர் வந்து புல்லுக்குள் நட்டுகளைப் பொறுக்கினார். என் வாழைக்காக ஒரு சொல் இல்லை. "பாத்தியே தம்பி, என்ன சுகமாக் கழண்டிருக்கு" என்று பெருமைப்பட்டார். அன்றைக்கு நான் அவரை அடிக்காமல் விட்டதற்குக் காரணம் என் மனைவி கையைப் பிடித்திருந்தது மட்டும்தான்.

கோயில் திருவிழாவுக்கு முதல் வெடி கொளுத்தினால் அவருடைய ரீவி பெட்டிக்குள் போய்விடும். இரண்டாவது வெடிக்கு அதற்குக் கயிறும் கட்டியாகிவிடும். ஆளுக்கு விசர் என்று ஒழுங்கையில் எல்லாரும் சொன்னார்கள். சொன்னவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் காணி உறுதியும் அடையாள அட்டையும் போட்ட பை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறது. என்னுடையது அலுமாரிக்கு மேலே இருக்கிறது.

யுத்தத்தின் அந்தக் கடைசி இடப்பெயர்வில் பெட்டியர் வெளிக்கிட்டபோது உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டி நிறையச் சாமான். கதவு, யன்னல், தகரம், தண்ணீர் மோட்டர் என்று வீட்டையே கழற்றி ஏற்றியிருந்தார். உடையார்கட்டுக்குப் போனபோது அது அரை லோட். அதற்கு அப்பால் சைக்கிளில் கட்டினது. பிறகு கையில் ஒரு பை. பிறகு வெறும் கை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று அவரே சொல்லிச் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். சிரிக்காமல் என்ன செய்கிறது, எங்களைக் கேட்டா யாரும் எதையும் செய்தார்கள்? முகாமால் திரும்பி வந்து, பற்றை மூடிய காணியில் நின்று யோசித்தபோது அவருக்கு வந்த முடிவு இதுதான்: இன்னும் கெதியாகக் கழற்றியிருக்க வேண்டும்.

அவருடைய மனைவி றோசக்காவுக்கு வந்த முடிவு வேறு. ஆனால் அவாவிடம் யாரும் கேட்கவில்லை.

றோசக்கா முல்லைத்தீவுக் கரையில் பிறந்த, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. தகப்பன் கடற்தொழில். வாய் கொஞ்சம் உப்பு. சலரோகம் என்கிற சீனி வருத்தம் முற்றி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, அவா நாள் முழுக்க மண்டபத்துக் கதிரையில் இருந்தா. எதிரே பெட்டிச் சுவர். விடிந்தால் பெட்டி, பொழுதுபட்டால் பெட்டி. பிரான்சில் இருக்கிற மகன், அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று போனில் கேட்டான். சேலை, சங்கிலி என்று எதிர்பார்த்திருப்பான். உயிரோடு மீன் பார்க்க வேண்டும் என்று அவா சொன்னா.

உன்ர கொப்பர் ஆயுசு முழுக்கப் பிடிச்சது காணாதோ என்று பெட்டியர் கேட்டார். "அதெல்லாம் கரைக்கு வரேக்குள்ள செத்த மீன்" என்றா றோசக்கா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

கண்ணாடித் தொட்டி அனுப்பினால் வழியில் உடையும் என்று மகன் கண்ணாடி மாதிரித் தெரிகிற அக்ரிலிக் பலகைகளாக அனுப்பினான். நாங்களே பூட்டி எடுக்க வேண்டிய சின்னத் தொட்டி. பார்சல் வந்ததும் பெட்டியர் முதலில் தட்டிப் பார்த்தது மட்டைப் பெட்டியை. நல்ல தடிப்பு என்று பாராட்டினார். உள்ளே, இரண்டு பக்கமும் நீலத்தாள் ஒட்டிய பலகைகள், தண்ணீர் சுத்தப்படுத்துகிற சின்ன மோட்டர், தண்ணீர் மாதிரி ஒரு பசை, அதை விடுவதற்கு ஊசி போட்ட சிறிஞ்சி. மகன் வீடியோவில் வந்து எப்படி ஒட்டுவது என்று விளக்கினான். ஓரத்துத் தாளை உரித்து, பலகைகளை நிறுத்தி, பொருத்தில் ஊசியால் பசையை விட வேண்டும். அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ரெண்டு பலகையும் உருகி ஒண்டாயிடும் அப்பா. பிறகு உடைக்கலாம், கழட்டேலாது."

"கழட்டேலாதோ?"

"ஏலாது."

பெட்டியர் பசைப் போத்தலைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். திறப்பு இடுப்புக்குப் போனது.

றோசக்கா அதற்குள் என்னைப் பட்டினத்துக்கு ஓடக் கலைத்து, சிவப்பு மீன் கொஞ்சம் வாங்குவித்துவிட்டா. தொட்டி இல்லாதபடியால் அலுமினியச் சட்டிக்குள் விட்டோம். அவா வழக்கமாக மீன் குழம்பு வைக்கிற சட்டி. என் மனைவி எட்டிப் பார்த்து, புளி காணுமோ என்று கேட்டாள். மீன் கொண்டு வந்த பொலித்தீன் பையைப் பெட்டியர் கழுவிக் கொடியில் காயப்போட்டார்.

பிறகு தொடங்கியது பசையில்லாமல் தொட்டி கட்டுகிற திருவிழா. முதலில் பலகைகளைச் சுற்றி டேப் ஒட்டினார். தண்ணீர் விட்டதும் அது முன்பக்கம் கும்பிட்டு விழுந்தது. அடுத்ததாக மோட்டார் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பொருத்துகளில் வைத்து, சூட்கேஸ் கட்டுகிற பெல்ட்டால் இறுக்கினார். நாலு பக்கத்தாலும் ஒழுகியது. கடைசியில், கடவுளே, அக்ரிலிக் பலகையில் ஓட்டை துளைத்து போல்ட்டும் நட்டும் பூட்டப் பார்த்தார். ஒரு மூலை வெடித்தது. ஒவ்வொரு தடவையும் மண்டபத்தில் வெள்ளம் வந்து அடித்தட்டுப் பெட்டிகள் ஊறின. மனிதர் மீனுக்குக் கவலைப்படவில்லை, அந்தப் பெட்டிகளை வெயிலில் காயவைத்து, இழவு வீட்டுக்காரர் மாதிரி பக்கத்தில் குந்தியிருந்தார்.

சட்டிக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்றைப் பூனை கொண்டுபோனது, மற்றவை வெக்கையில் போயின. ஒரேயொரு மீன் மிச்சம் நின்றது. றோசக்கா புருஷனோடு கதைப்பதை நிறுத்தினா. தேவையானதை எனக்குச் சொல்லுவா, நான் பக்கத்தில் நிற்கிற அவருக்குச் சொல்ல வேண்டும். எனக்கு வேறு வேலை இல்லையா?

இந்த நேரத்தில் அவாவின் மற்றக் காலிலும் புண் வந்தது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். நான் வாடகை வான் பிடித்து வந்தேன். வழக்கம் போல ஒரு மாதத்துக்குக் காணும் அளவுக்குப் பெட்டியர் சாமான் கட்டி ஏற்றினார். வான் கதவைச் சாத்தப் போகையில் றோசக்கா அவரைப் பார்த்து நேரே கதைத்தா.

"இஞ்சேருங்கோ. எல்லாத்தையும் கழட்டி ஏத்தினீங்கள். கடைசியா என்னத்தக் கொண்டந்து சேர்த்தனீங்கள்? என்னை மட்டும்தான். நானும் இப்ப முழுசா இல்ல. நான் வாறதுக்குள்ள உந்த ஒண்டையாவது ஒட்டுங்கோ."

வழியில் ஆனையிறவு தாண்டும் வரைக்கும் பெட்டியர் இடுப்பிலிருந்த திறப்பையே தடவிக்கொண்டிருந்தார் என்று வான்காரர் பிறகு எனக்குச் சொன்னார்.

அவாவை வார்டில் சேர்த்து, பக்கத்தில் அவாவின் தங்கச்சியை விட்டுவிட்டு, அவர் மறுநாள் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். பலகைகளை நான் நேராகப் பிடிக்க வேண்டும். இடுப்பிலிருந்த திறப்பால் அலுமாரியைத் திறந்து பசையை எடுத்தார். ஓரத்துத் தாளையும் உள்பக்கத்துத் தாளையும் உரிக்கையில் தன் தோலை உரிக்கிறவர் மாதிரி முகத்தைச் சுளித்தார். ஊசியைப் பொருத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். எனக்குக் கை உளைந்தது. விடுங்கோ அண்ணை என்றேன். விட்டார். பசை தானாகப் பொருத்து வழியே ஓடிப் போனது, ஓடின இடத்தில் கோடு மறைந்தது. எல்லாப் பக்கமும் முடித்து, வெடித்த மூலைக்கும் துளைத்த ஓட்டைக்கும் மேலே துண்டுகளை வைத்து ஒட்டினார். காய்ந்த பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. கீழே நிலத்தில் இருந்துவிட்டார். "சரி தம்பி, மாட்டுப்பட்டாச்சு" என்றார்.

கால் விரல்களை அங்கே விட்டுவிட்டு றோசக்கா வீட்டுக்கு வந்தபோது, கதிரைக்கு முன்னால் மேசையில் தொட்டி தயாராக நின்றது. தண்ணீர் விட்டு, மோட்டர் ஓடி, எல்லாம் சரி. ஆனால் வெளிப்பக்கத்து நீலத்தாள் நாலு பக்கமும் அப்படியே இருந்தது. றோசக்கா நீலத்தைப் பார்த்தா. பிறகு புருஷனைப் பார்த்தா.

"மீன் எங்க?"

"உள்ள நிக்குது."

"எனக்கேன் தெரியேல்ல?"

"உரிச்சா கீறல் விழும்."

நான் வாசல் பக்கம் ஒதுங்கினேன், பறக்கப்போவது எதுவென்று தெரியாதே. அவா ஒன்றையும் எறியவில்லை. முன்னால் குனிந்து, ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, ஆறுதலாக உரித்துக்கொண்டு வந்தா. அந்தச் சத்தத்தைத் தாங்கமாட்டாமல் பெட்டியர் முற்றத்துக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது, அவ்வளவு தண்ணீருக்குள் அந்த ஒற்றை மீன் சுற்றிச் சுற்றி வந்தது. றோசக்கா அவருடைய கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினா. இருவரும் பார்த்தார்கள். கொஞ்சம் பொறுத்து அவர் என் பக்கம் திரும்பி, உரித்த தாளை எறிந்துவிட வேண்டாம் என்றார்.

பங்குனி வெயிலுக்குள் றோசக்கா செத்துப்போனா. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. சாகும் வரைக்கும் பிளாஸ்டிக் கோப்பையில் குடித்த மனுசி. கழற்றத் தேவையில்லாத ஒன்றை வீட்டில் வைத்துப் பார்க்க அவாவுக்கு அந்த ஒரு சில மாதம்தான் கிடைத்தது. அதையும் கெஞ்சித்தான் வாங்கினா.

செத்த வீட்டுக்கு வந்த மகன் தகப்பனைத் தன்னோடு கூட்டிப்போவதற்கு எல்லா அலுவலும் பார்த்தான். ஒழுங்கை முழுக்கச் சந்தோசப்பட்டது. பயணத்துக்கு அவரைவிடத் தயாரான ஆள் இந்த இலங்கையில் உண்டா? பெட்டியர் மாட்டேன் என்றார். மகன் அழுதுகொண்டு என்னிடம் வந்தான். நான் போய்ச் சத்தம் போட்டேன்.

"போங்கோ அண்ணை. இஞ்ச உங்களுக்கு என்ன கிடக்கு?"

அவர் தொட்டிக்குள் மீனுக்குச் சாப்பாடு தூவிக்கொண்டிருந்தார்.

"அத ஒட்டிப்போட்டன் தம்பி. இனிக் கழட்டேலாது."

மகன் தனியாகத்தான் விமானம் ஏறினான். அடுத்த கிழமை பெட்டியர் சுவரைக் கலைத்து, எழுதியிருந்த பெயர் பார்த்து அவரவர் பெட்டியை அவரவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். தன்னுடையதை எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டார். கூரை நட்டுகளையும் இறுக்கினார். நான் ஏணியைப் பிடித்தேன். இப்போது அவர் வீட்டில் எனக்குத் தேத்தண்ணீர் கண்ணாடிக் கிளாஸில் வருகிறது.

போன கிழமை எங்கள் வீட்டுக்குச் சலவை இயந்திரம் வந்தது. வாசலைப் பார்த்துப் பார்த்து இருந்தேன், பெட்டியர் வரவில்லை. அந்தப் பெட்டி விறாந்தையில் கிடக்கிறது. கறையான் பிடிக்கும், எறியுங்கோ என்று மனைவி காலையும் மாலையும் ஓதுகிறாள். பிடித்தால் பிடிக்கட்டும். பெட்டி தேவையோ தம்பி என்று அந்த மனிதர் ஒருக்கால் வந்து கேட்கட்டும், அதுவரைக்கும் அதில் யாரும் கைவைக்க வேண்டாம்.