கோணி சாமியும் வெள்ளைவால் குருவியும்

திருவண்ணாமலையில் சாமியாராக வேண்டும் என்று படாத பாடு பட்டவர்கள் ஆயிரம் பேர் உண்டு. சாமியாராகும் எண்ணமே இல்லாமல் சாமியாரானவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். எங்கள் ஆபீஸில் அவர் எனக்குப் பக்கத்து மேஜை. பெயர் என்னவோ இருந்தது. ஊருக்கு அவர் கோணி.

எழுபதுகளின் கடைசி. சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் ஒரு கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றே மனுஷனுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸ் அதில் கிடையாது. "அதுக்கின்னா, நாம கிட்ட போனா ஆச்சு" என்றார். போனார். சமுத்திரம் ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, தலையையும் கேமராவையும் ஓட்டை போட்ட ஒரே பானைக்குள் நுழைத்துக்கொண்டு வாத்துகளுக்குப் பின்னால் நகர்ந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "ஐயோ, பானை கண்ணு சிமிட்டுதுடி!" என்று அலறியதில் ஏரிக்கரையே காலியாகிவிட்டது. கரையில் நின்ற நானும் அவர் சட்டையோடு ஓட்டம் பிடித்தேன்.

அதற்குப் பிறகுதான் வெள்ளைவால் குருவி வந்தது. கறுத்த கொண்டை, பால் வெள்ளை உடம்பு, பின்னால் வெள்ளை ரிப்பனைத் தொங்கவிட்ட மாதிரி வால். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு குட்டைக்கு அது சாயங்காலம் குளிக்க வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். குளிர்காலம் போனால் குருவியும் போய்விடும். அதற்குள் இரண்டு முழ தூரத்தில் ஒரே ஒரு படம், இந்த ஜென்மத்துக்கு அது போதும் என்றார். டைபாய்டு என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கண்ணுக்கும் கேமராவுக்கும் மட்டும் ஓட்டை போட்ட கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். அசையவில்லை. பேசவில்லை.

எங்கள் ஊரில் அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

பௌர்ணமியன்று போய்ப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோணிக்கு முன்னால் தேங்காய், சீப்புச் சீப்பாக வாழைப்பழம், கற்பூரம். புகை தாங்காமல் ஒரு முறை இருமினார். "சாமி உத்தரவு குடுத்துட்டாரு!" என்று கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. கூட்டம் நகர்ந்ததும் கிட்டே போய், "எழுந்து வாய்யா, உதை வாங்கப் போற" என்றேன்.

"சும்மா இருய்யா," என்றது கோணி. "பழத்துல ஈ ஜாஸ்தியா மொய்க்குது பாரு. அது ஈ புடிச்சுத் துன்ற குருவி. இன்னிக்கு வந்துரும்."

வந்தது குருவி அல்ல, எங்கள் ஆபீசர். அவர் தொண்டையைச் செருமினால் ஆபீஸே எழுந்து நிற்கும். நான் மரத்துக்குப் பின்னால் பதுங்கினேன். அந்தச் சிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோணியின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

"சாமி, எங்க ஆபீஸ்ல ஒருத்தன் டைபாய்டுல கெடக்குறான். பறவை பறவைனு அலையிற பைத்தியம். என் தம்பி இதே ஜுரத்துலதான் போனான் சாமி. இவனையாவது காப்பாத்துங்க."

சொல்லிவிட்டு, விழுந்தவர் எழுந்திருக்காமல் அழுதார். எங்கள் ஆபீசர் அழுதார்!

அந்த நேரம் பார்த்துக் குருவி வந்தது. ஆபீசர் தலைக்குப் பக்கத்தில், பழத்தட்டின் விளிம்பில் வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தது. இரண்டு முழம்கூட இருக்காது. கோணிக்குள் கேமரா மெல்ல உயர்வது தெரிந்தது.

"சார், எனக்கு ஜுரம் இல்லைங்க சார்," என்றது கோணி.

குருவி பறந்துவிட்டது. ஆபீசர் விருட்டென்று எழுந்தார். அறைதான் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், கோணியை விலக்கி அவருடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெஜமாவே இல்லியே," என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "திங்கக்கிழமை வந்து சேரு, ராஸ்கல்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அந்தக் குருவி அதற்கப்புறம் எந்தக் குளிர்காலத்திலும் அவ்வளவு கிட்டே வரவில்லை. "ஒரு நொடிதானே, அமுக்கிட்டுச் சொல்லியிருக்கலாமேய்யா?" என்று அவர் ரிடையர் ஆகும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆளு எனக்காக அழுவுறாருய்யா," என்பார். "அப்போ போயி குருவியைப் பாக்கச் சொல்றியா?"

கோணி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. கிரிவலம் போகும்போதெல்லாம் அந்த மரத்தடியில் ஒரு வாழைப்பழத்தை உரித்து வைத்துவிட்டு வருகிறேன். எந்தச் சாமிக்கு என்று கேட்கிறார்கள். ஈக்கு என்கிறேன். ஈ வந்தால் குருவி வரும். குருவி வந்தால் அவர் வராமலா இருப்பார்?