ஈய அறையில் ஒரு கணினி

மூன்று கணினிகளும் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன: இணைப்பு இல்லை.

காலை ஒன்பதரை மணி. முன்கூடத்தில் நாற்பது நோயாளிகள் இருமியும் முனகியும் காத்திருக்க, மருத்துவரின் மச்சினன் வரவேற்பு மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

அவன்தான் அந்தக் கிளினிக்கின் நிர்வாகி. நிர்வாகம் படித்தவனா? இல்லை. கணினி கற்றவனா? அதுவும் இல்லை. அறிவும் அனுபவமும் இல்லாதவனுக்கு அந்த நாற்காலி எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்களானால், அவனுக்கு ஓர் அக்காள் இருந்தாள்; அந்த அக்காளை மருத்துவர் மணந்திருந்தார். பதினான்கு ஆண்டு உழைத்த செவிலியருக்கு ஊசி. மனைவியோடு வந்த தம்பிக்கு மேசை, விசிறி, சுழல் நாற்காலி. தகுதியை எடை போடும் தராசு அங்கே அப்படித்தான் சாய்ந்திருந்தது.

ஆனால் அன்று அந்த நாற்காலிக்கே ஆபத்து வந்திருந்தது.

அதே கட்டடத்தின் மாடியில் இன்னொரு மருத்துவர் கிளினிக் வைத்திருந்தார். ஒரு மாதத்துக்கு முன் நோயாளிகளின் குறிப்புகளையெல்லாம் கணினியில் ஏற்றிவிட்டார். அன்று முதல் கீழ்த்தள நோயாளிகள் ஒவ்வொருவராகப் படியேறத் தொடங்கினார்கள். கீழ்த்தள மருத்துவருக்கு இரவில் உறக்கம் போயிற்று. மாடியில் கணினி மாட்டிய கடைக்காரரையே வரவழைத்து, மேலே என்ன வைத்தாயோ அதையே எனக்கும் வை, ஒரு மயிரிழைகூடக் குறையக் கூடாது என்று கட்டளையிட்டார். பொறாமைக்குச் சொந்த மூளை கிடையாது; அது நகல் மட்டுமே எடுக்கும். கடைக்காரரும் கேட்டபடியே, வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும்கூட மாறாமல், செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

மிச்ச வேலை மச்சினன் தலையில் விழுந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நம்ம அட்டை அறுநூத்து நாப்பதும் கம்ப்யூட்டர்ல ஏறணும் மாப்ள. ஏறலைன்னா உங்க அக்காகிட்ட சொல்லிட்டு நீ ஊருக்கு பஸ் ஏறிடு" என்று மருத்துவர் அமைதியாகச் சொல்லியிருந்தார். அந்த அமைதிதான் அவனை நடுங்க வைத்தது.

இணைப்பு ஏன் வரவில்லை? குறிப்புகளைச் சேர்த்து வைக்கும் தலைமைக் கணினியையும் வைஃபை பெட்டியையும் எக்ஸ்ரே அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மருத்துவரின் ஆணை அது. கட்டடத்திலேயே கனமான கதவு அங்கேதான், குளிர்சாதனமும் அங்கேதான், நோயாளிகளின் இரகசியம் ஒரு துளிகூட வெளியே கசியக் கூடாது என்றார் அவர்.

செவிலியர் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். கதிர் வெளியே போகாமலிருக்க அந்தச் சுவர் முழுக்க ஈயத் தகடு அடித்திருக்கிறது. கதிரையே மறிக்கும் சுவர் வைஃபையை மட்டும் வழியனுப்பி வைக்குமா என்று கேட்டார்.

"சிஸ்டர், நீங்க பிபி பாருங்க. இது டெக்னிக்கல்" என்றான் மச்சினன்.

கால் மணி நேரம் கழித்து, தற்செயலாகத் திறந்தவனைப் போல எக்ஸ்ரே அறையின் கதவைத் திறந்து வைத்தான். மூன்று கணினிகளிலும் இணைப்பு வந்தது. கண்டுபிடித்தவன் அவனே என்று மருத்துவர் முதுகில் தட்டினார். செவிலியர் பிபி பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சிக்கல் ஏணியிலிருந்து விழுந்து வந்தது. பெயின்டர் ஒருவர் மணிக்கட்டு வீங்கி, எக்ஸ்ரேக்குக் காத்திருந்தார். கதவு திறந்திருந்தால் எக்ஸ்ரே இயந்திரம் இயங்காது. கதவைச் சாத்தினால் கணினிகள் இயங்கா. எலும்பா, இணைப்பா? மச்சினன் இரண்டையும் காப்பாற்றத் துணிந்தான். கதவருகே தானே நின்றுகொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் சாத்துவதும் திறப்பதுமாக வாயிற்காவலனானான்.

கதவு சாத்திய வேளையில் எழுதிய பெயர்கள் போய்ச் சேரவில்லை. கதவு திறந்த வேளையில் எழுதிய எடைகள் மட்டும் போய்ச் சேர்ந்தன. வரவேற்பு மேசையிலிருந்த பெண் திரையைப் பார்த்தாள், பெயரில்லை, இருப்பதைக் கொண்டு கூப்பிட்டாள்.

"எழுபத்தெட்டு கிலோ யாருங்க? உள்ள வாங்க."

யாரும் எழவில்லை. எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள்.

"தொண்ணூத்தி ஒண்ணு வந்திருக்கீங்களா?"

ஓர் அம்மாள் தன் கணவரின் விலாவில் இடித்தார். கணவர் தனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொல்லி எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். அறிவியல் மனிதனுக்கு முகவரி தரும் என்பார்கள். இங்கே இருந்த பெயரையும் பறித்துக்கொண்டு எடையை மட்டும் விட்டுவைத்தது.

இனி வயர்தான் வழி என்று மச்சினன் முடிவு கட்டினான். அந்தக் கதவுக்கு அடியில் தாள் நுழையும் இடைவெளிகூட இல்லை. ஆகவே சுவரில் ஓட்டை போடத் துளைப்பான் கருவியைக் கொண்டுவந்தான். பாதித் தூரம் போயிருப்பான். எக்ஸ்ரே எடுப்பவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"என்ன பண்றீங்க தம்பி?"

"வயர் போக வழி பண்றேண்ணே."

"வயர் போற வழியில கதிரும் வரும். இந்தச் சுவரைச் சரி பண்ணி, பரிசோதிச்சு, எழுதிக் கொடுத்தாத்தான் இனிமே நான் ஸ்விட்சத் தொடுவேன்" என்று சொல்லி, அவர் தம் ஈயக் கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

எக்ஸ்ரே நின்றது. இன்னும் முறை வராத பெயின்டர் வீங்கிய கையை ஏந்தியபடி கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. மாடிக் கிளினிக் திறக்கும் நேரம். அவர் எழுந்தார், அவர் பின்னால் பதினொரு பேர் எழுந்தார்கள். படிக்கட்டில் அவர்கள் ஏறிய செருப்போசை, தன் அறையில் அமர்ந்திருந்த மருத்துவரின் நெஞ்சில் மிதிப்பது போலக் கேட்டது.

மருத்துவர் வெளியே வந்தார். ஓட்டையைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். பிறகு வரவேற்பு மேசைப் பெண்ணிடம், ஊருக்கு மாலையில் எத்தனை மணிக்குப் பேருந்து என்று விசாரித்தார்.

இரகசிய அறை திறந்து கிடக்கிறது என்ற பழியும் சேர வேண்டாம் என்று மச்சினன் எக்ஸ்ரே அறையை இழுத்துப் பூட்டினான். கணினியின் முன் உட்கார்ந்து கடைசி முயற்சியாக இணைப்பைத் தேடினான். 'கிளினிக்' என்ற பெயர் திரையில் முழுப் பலத்தோடு மின்னியது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த கடவுச்சொல்லை அடித்தான். சேர்ந்தது. மூன்று கணினிகளும் சேர்ந்தன. கதவு பூட்டியே கிடக்க, பெயர்கள் போய்ச் சேர்ந்தன, எடைகள் போய்ச் சேர்ந்தன, எதுவும் அறுபடவில்லை.

"ஓட்டை வேலை செய்யுது மாமா" என்றான் அவன், கண் கலங்க.

பாதி போட்ட ஓட்டை எப்படி வேலை செய்யும் என்று செவிலியர் கேட்டார். பாதி போட்டதற்கே இவ்வளவு என்றால் முழுதும் போட்டிருந்தால் எப்படியிருக்கும் பார் என்று மருத்துவர் வியந்தார். மேலே இருப்பவன் சொன்னால் மூடத்தனமும் கொள்கையாகிவிடுகிறது. கீழே இருப்பவள் கேட்டால் கேள்வியே குற்றமாகிவிடுகிறது.

அதன்பின் அங்கே ஒரு போர்க்களம் எழுந்தது. மச்சினன், வரவேற்புப் பெண், செவிலியர் மூவரும் அட்டைகளைக் குவித்து வைத்துத் தட்டித் தள்ளினார்கள். மருத்துவரும் ஒற்றை விரலால் உதவினார். பெயர், வயது, தொலைபேசி எண், நோய், மருந்து. நடுவில் செவிலியர் விரலை நிறுத்தினார்.

"சார், பட்டியல்ல நாம ஏத்தாத பேரெல்லாம் நெறைய இருக்கே. இவங்க யாரும் நம்மகிட்ட வந்ததே இல்லையே."

மருத்துவர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "கம்ப்யூட்டர் வந்த ராசியப் பாத்தீங்களா சிஸ்டர். ஆளு கூடுது."

நாலே முக்காலுக்கு அறுநூற்று நாற்பதாவது அட்டையும் ஏறியது. மருத்துவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இனி இது காகிதமற்ற கிளினிக் என்று அறிவித்தார். பழைய அட்டைகளை அந்த நிமிடமே துண்டாக்கச் சொன்னார். ஒரு வாரமாவது வைத்திருக்கலாமே என்றார் செவிலியர். பழமையைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களால்தான் நாடு முன்னேறவில்லை என்று பதில் வந்தது. காகிதம் அரைக்கும் இயந்திரம் கடகடத்தது. பதினெட்டு ஆண்டுக் காய்ச்சலும் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் வெள்ளை நாடாக்களாக வழிந்து மூன்று மூட்டைகளில் அடங்கின.

மருத்துவர் மச்சினனின் தோளில் கைபோட்டு, ஊழியர்களின் முன் ஒரு சிற்றுரை ஆற்றினார். குடும்பத்தில் ஒருவன் கிளினிக்கில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்றார். நோயாளிகளின் இரகசியங்கள் இன்று முதல் ஈயச் சுவருக்குள் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருப்பதாகவும், எந்தக் கொம்பனாலும் அவற்றைத் தொட முடியாது என்றும் முழங்கினார். அடுத்த மாதத்திலிருந்து மச்சினனுக்குத் தனி அறை என்றார்.

கைதட்டல் ஓயுமுன் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மாடிக் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள். என்ன வேண்டும் என்று மருத்துவர் மிடுக்கோடு கேட்டார்.

அவள் பணிவாகச் சொன்னாள்: "எங்க டாக்டர் உங்க மச்சினரைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு சார், மத்தியானத்துலேருந்து உங்க ஆளுங்க அறுநூத்து நாப்பது பேரையும் எங்க கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தவருக்கு, நாளைக்கே மாடியில வேலை போட்டுத் தர்றாராம்."